சுகரும் ஸ்லீப் ஏப்னியாவும் சேர்ந்திருந்தால் ராத்திரி மருந்தில் கவனம்

எனக்குச் சுகரும் உண்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஏப்னியாவும் உண்டு. சுகரை ஒரு டாக்டர் பார்க்கிறார், ஏப்னியாவை இன்னொருவர் பார்க்கிறார். இரண்டு மருந்துச்சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது பல நேரம் நம் வேலையாகத்தான் ஆகிவிடுகிறது, அதனால் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம் லோ சுகர். எழுந்ததும் தலைவலி, சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, கெட்ட கனவு, தூங்கியும் தூங்காத மாதிரி அசதி. ஏப்னியா இருப்பது தெரிந்துவிட்டால் இதையெல்லாம் அதன் தலையிலேயே போட்டுவிடுகிறோம். ஆனால் இன்சுலின் போடுகிறவருக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் ராத்திரியில் சுகர் இறங்கினால் வருவதும் இதே தொந்தரவுகள்தான். காலையில் குத்திப் பார்க்கும்போது சரியாகவே காட்டலாம், அதற்குள் உடம்பே சமாளித்து ஏற்றியிருக்கும். சில நாள் விடியற்காலை 3 மணிக்கு அலாரம் வைத்துப் பார்த்துவிடுங்கள். 70க்குக் கீழே இருந்தால் அது லோ, உடனே சர்க்கரை எடுத்துக்கொண்டு, மறுநாளே டாக்டரிடம் சொல்லுங்கள். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். மூச்சு நின்று ஆக்சிஜன் இறங்கும்போதெல்லாம் அட்ரினலின் மாதிரி ஹார்மோன்கள் கிளம்பி, வெறும் வயிற்று சுகரை ஏற்றிவிடும். அதைப் பார்த்து டோஸைக் கூட்டியிருப்பார்கள். அப்புறம், தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷினை ஒழுங்காகப் போட ஆரம்பித்ததும் சிலருக்கு (எல்லோருக்கும் இல்லை) சுகர் குறையும், பழைய டோஸ் அதிகமாகிவிடும். மெஷின் ஆரம்பிக்கும் முதல் சில வாரங்கள் அடிக்கடி பாருங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

சுகரை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் சென்சாரைக் கையில் ஒட்டியிருப்பவர்களுக்கு ஒன்று: ஏப்னியாவுக்காக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், அந்தப் பக்கம் சென்சார் அழுந்தினால் இல்லாத லோவைக் காட்டி அலாரம் அடிக்கும். விரலில் ஒருமுறை குத்தி உறுதி செய்துகொள்ளுங்கள், அடுத்த முறை சென்சாரை மறு கையில் ஒட்டுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலினும் காபாபென்டினும். மூச்சுப் பிரச்சினை உள்ளவர்களுக்கும், தூக்க மாத்திரை அல்லது ஓபியாய்டு (மார்பின், டிரமடால் மாதிரி) வலி மருந்தோடு சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் இவை மூச்சையே மந்தமாக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் எச்சரித்தது. இவற்றை எழுதித்தரும்போது, கேட்காவிட்டாலும், "எனக்கு ஏப்னியா இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

எடையும் முக்கியம். இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் எல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை, எடை கூடினால் ஏப்னியாவும் கூடும். மாறாக, எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசிக்கு, உடல்பருமனோடு மிதமான அல்லது கடுமையான ஏப்னியா உள்ளவர்களுக்காக 2024 டிசம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதியே கிடைத்தது.

ஆனால் டிர்செபடைடு மாதிரி ஊசிகள் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ஆபரேஷனுக்கோ எண்டோஸ்கோபிக்கோ மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போக வாய்ப்புண்டு, நமக்கோ மயக்கத்தில் மூச்சுப்பாதையும் சுலபமாக மூடிக்கொள்ளும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்குப் பொதுவாக 3 நாள் முன்பே அவற்றை நிறுத்த வேண்டியிருக்கும். மயக்க டாக்டரிடம் தேதி குறிக்கும்போதே எல்லா மருந்தையும் சொல்லுங்கள், சிபேப் மெஷினையும் கையோடு கொண்டுபோங்கள்.