ஹெண்டர்சன் அட்டையும் நானும்: குளிர்கால லீக் குறிப்புகள்

ஜனவரி 6

மில்வாக்கியில் வெளியே முழங்கால் பனி. எதிர்வீட்டுப் பெரியவரின் நிலவறையில் பேஸ்பால். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அட்டைகள்: நிஜ வீரர் ஒருவரின் சீசன் கணக்கு ஒவ்வோர் அட்டையிலும், பகடை உருட்டி ஆட்டம். 1982 சீசன், ஆறு பேர். ஆளுக்கொரு வீரராக மாற்றி மாற்றி எடுத்து அணி சேர்க்க வேண்டும். முதல் வாய்ப்பு எனக்கு. உள்ளூர் அணியான புரூவர்ஸின் நட்சத்திரம் ராபின் யவுன்ட் அட்டை கண்ணெதிரே இருந்தும் ரிக்கி ஹெண்டர்சனை எடுத்தேன். ஒரே சீசனில் 130 பேஸ் திருடியவர். பேஸ் என்பது ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய மூலை; பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த மூலைக்கு ஓடிவிடுவது திருட்டு. நவீன பேஸ்பாலில் இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. அப்புறம் டிம் ரெய்ன்ஸ், வில்லி வில்சன். ஓடியே ஜெயிப்பது என்று முடிவு.

பெரியவர் கோர்மன் தாமஸ் (39 ஹோம் ரன், அதாவது சுவரைத் தாண்டும் அடி), டேவ் கிங்மேன் (37) என்று குண்டர் படையாகச் சேர்த்தார். கிங்மேனின் பேட்டிங் சராசரி .204, ஐந்து தடவைக்கு ஒன்றுதான் அடி விழும் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

செயின்ட் லூயிஸ் அணியான கார்டினல்ஸின் வீரர் ஒருவரைக்கூட அவர் தொடவில்லை. 1982 சீசனில் 216 ஹோம் ரன் அடித்த அவருடைய புரூவர்ஸ், வெறும் 67 அடித்த கார்டினல்ஸிடம் அந்த வருஷ உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியில் ஏழு ஆட்டத்தில் தோற்றது. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. அவர் புண்ணியத்தில் கார்டினல்ஸின் தடுப்பு மன்னன் ஆஸி ஸ்மித் எனக்குச் சல்லிசாகக் கிடைத்தார்.

ஜனவரி 20

ஏழு ஆட்டம், இரண்டு வெற்றி.

ஜனவரி 21

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். யாரும் அவுட் ஆகாமல் முதல் பேஸில் ஒருவர் நின்றால், அந்த இன்னிங்ஸில் சராசரியாக 0.85 ரன் அளவுக்கு வரும். அவர் இரண்டாவது பேஸைத் திருடினால் அது 1.1 பக்கம் போகும். மாட்டிக்கொண்டால் 0.25 பக்கம் விழும். கிடைப்பது கால் ரன், போவது அதைப்போல் இரண்டரை மடங்கு. நூற்றுக்கு 70, 72 தடவையாவது பிழைக்காவிட்டால் ஓடுவதே நஷ்டம். ஹெண்டர்சன் 130 திருடிய அதே வருஷம் 42 முறை மாட்டினார். நூற்றுக்கு 75தான். நான் பார்த்தது 130ஐ மட்டும். ரெய்ன்ஸ் 78 திருடி 16 முறைதான் மாட்டியிருக்கிறார்.

பிப்ரவரி 3

பெரியவருடன் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னடைவு, முதல் பேஸில் ஹெண்டர்சன். பெரியவரின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடித்து, ஓடுகிறவரை எறிந்து வீழ்த்துபவர்) பாப் பூன். கடைசிச் சுற்றுகளில் யாரும் சீண்டாத அட்டையை எடுத்து வைத்திருந்தார் மனுஷன். ஆனால் அந்த வருஷம் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளோவ் விருது வாங்கிய கை அது. பூன் நின்றால், திருட்டுக்கு ஹெண்டர்சன் அட்டை தரும் எண்ணிலிருந்து சில கழிந்துவிடும். இருபது முகப் பகடையில் 14க்குள் விழ வேண்டும். மேஜை விளிம்புவரை உருண்டு போய் 15இல் நின்றது.

அவுட். அடுத்தவர் டபுள், அதாவது இரண்டு பேஸ் அடி, அடித்தார். சும்மா நின்றிருந்தால்கூட ரன் வந்திருக்கலாம்.

கிரிக்கெட்டில் அவசரப்பட்டு ரன் அவுட் ஆகிறவரைத் திட்டித் திட்டி வளர்ந்தவன் நான்.

பிப்ரவரி 4

ஒன்று உறைத்தது. நிஜ மைதானத்தில் ஹெண்டர்சன் பேஸை விட்டு இரண்டு அடி நகர்ந்தாலே பந்து வீசும் பிட்சருக்கு வியர்க்கும். பகடைக்கு வியர்க்காது. கிங்மேனின் ஹோம் ரனுக்கு ஒரே உருட்டல் போதும். என் ஆள் முதலில் பேஸுக்கு வர ஒன்று, திருட ஒன்று, வீட்டுக்கு வர இன்னொன்று. வழியில் எங்கே வேண்டுமானாலும் கதை முடியலாம்.

அட்டையை மறுபடி பார்த்தேன். ஹெண்டர்சன் அந்த வருஷம் 116 வாக் வாங்கியவர், அதாவது நான்கு தப்பான பந்து வீசப்பட்டு அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனவர். அட்டை நெடுக வாக். நான் காசு கொடுத்ததோ காலுக்கு!

பிப்ரவரி 17

பூன் இருந்தால் ஹெண்டர்சன் ஓடக்கூடாது, ரெய்ன்ஸ் மட்டும் ஓடலாம் என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். கடைசி ஆறில் நான்கு வெற்றி. ஒற்றை அடிக்கு முதல் பேஸிலிருந்து மூன்றாவதுக்குப் போவது, ஸ்மித் தரையோடு வரும் பந்துகளை விழுங்குவது: வேகம் சத்தமில்லாமல் சம்பாதிப்பது இங்கேதான். பேஸ் திருட்டு வெறும் தாளிப்பு.

மார்ச் 2

பாதி சீசன் முடிந்ததும் சொந்த மைதானத்தை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்பது எங்கள் லீக் விதி. செயற்கைப் புல், உயரத் தூக்கிய பந்து சுவரைத் தாண்டத் திணறும் விசாலம். கார்டினல்ஸின் மைதானமான செயின்ட் லூயிஸ் புஷ் ஸ்டேடியம் என்று எழுதிக் கொடுத்தேன். 1982 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் நடந்த அதே இடம்.

பெரியவர் சீட்டைப் படித்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். தன் அட்டைகளைக் கலைத்து மறுபடி அடுக்கினார். கிங்மேனை உட்கார வைத்துவிட்டார்.