ரூனி சட்டை

"மாமா, நாம கடைசியா லீக் ஜெயிச்சது எப்ப?"

பெரியபட்டினம் கடற்கரையில் இன்று சாயங்காலம் பந்து ஆடிவிட்டு வந்த பையன் கேட்டான். 2013 என்றேன். அவன் அப்போது பிறக்கவே இல்லை.

'நாம' என்றது மான்செஸ்டர் யுனைடெட்டை, இங்கிலாந்தின் கால்பந்து கிளப். அவன் போட்டிருந்ததும் அதன் சட்டைதான். முதுகில் அங்கே ஆடிய ரூனியின் பெயர் பாதி உரிந்துவிட்டது, 10 மட்டும் அப்படியே இருக்கிறது. அவன் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தது. முதலில் அவன் காக்கா, அதாவது அண்ணன், போட்டான், இப்போது இவன். உப்புக்காற்றில் சிவப்பு வெளுத்து செங்கல் நிறமாகிவிட்டது. கழற்ற மனசில்லையாம்.

எனக்கும்தான்.

2024-25 சீசனில் லீக்கில் 15ஆவது இடம். 38 ஆட்டத்தில் 42 புள்ளி. ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் இறுதியில் டாட்டன்ஹாமிடம் 1-0 என்று தோல்வி. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

தோற்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டுப் பிள்ளையின் அருமை தெரியாமல் இருப்பதை எப்படித் தாங்குவது? 2012இல் இளைஞர் அணியிலிருந்து வந்த போக்பாவைப் போகவிட்டார்கள். 2016இல் அதே ஆளை 89 மில்லியன் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பெக்காம், ஸ்கோல்ஸ், கிக்ஸ் என்று சொந்த இளைஞர் அணியிலேயே ஆட்களை வளர்த்த கிளப்பா இது?

2024இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் அதே ஊர் எதிரணி மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று அடித்தோமே, கோல் போட்ட கர்னாச்சோ, மைனூ இரண்டு பேருமே இளைஞர் அணியிலிருந்து வந்தவர்கள். அடுத்த வருடமே கர்னாச்சோவை செல்சீக்கு விற்றுவிட்டார்கள்.

அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.