மயிலிறகு குட்டி போடுகிற கதை

ஆடி மாதம் முழுக்க எங்கள் மொட்டை மாடியில் காக்கா இறகு விழுந்துகொண்டே இருந்தது. மொத்தம் நாலு எடுத்தேன். அம்மா தினமும் சாப்பிடுவதற்கு முன்னால் கைப்பிடிச் சுவரில் ஒரு உருண்டை சோறு வைப்பார், அதற்கு வருகிற கூட்டம் உதிர்த்ததுதான். கூட்டம் என்று நான் சொல்கிறேன், அம்மா கணக்கில் வருவது இரண்டே இரண்டு. ஒன்று நொண்டி, இன்னொன்று "உங்க தாத்தா". இறகை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்குத் திட்டு வாங்கி, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கவரில் போடக்கூடாது, ஈரம் கோத்துப் பூஞ்சை பிடித்தால் உள்ளே இருக்கிற டி.என்.ஏ. கெட்டுவிடும்.

காக்கா இறகில் டி.என்.ஏ. பார்க்கப் போகிறேனா என்றால் இல்லை, என்னிடம் என்ன லேப் இருக்கிறது. உதிர்ந்த இறகை வைத்துப் பறவைகளை எண்ணுகிற ஆராய்ச்சிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், அந்தப் பைத்தியம்.

கோழி இறகால் காது குடைந்திருக்கிறீர்களா? நுனியில் கொஞ்சம் விட்டுவிட்டு மீதியை உருவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடைவார்களே, அதுதான். காதுக்குள் போவது இறகின் மேல் நுனி, விரலுக்கிடையில் உருட்டுவது அடித்தண்டு. அந்த அடித்தண்டுதான் ஆய்வகத்துக்கு வேண்டும், ஏனென்றால் இறகின் மற்ற பகுதியெல்லாம் நம் நகம் மாதிரி, கெரட்டின், உயிரில்லாத பொருள். தோலுக்குள் புதைந்திருந்த முனையில் மட்டும் கொஞ்சம் செல்கள் ஒட்டியிருக்கும். பிடுங்கிய ஒரே ஒரு இறகு போதும், பறவையின் ரத்தம் எடுக்கத் தேவையில்லை என்று 1991-லேயே பிரான்சில் தாபெர்லே, பூவே என்ற இருவர் காட்டிவிட்டார்கள். ஆனால் பிடுங்கிய இறகு வேறு, தானாக உதிர்ந்து மழையிலும் வெயிலிலும் கிடந்த இறகு வேறு. அதில் ஒட்டியிருக்கும் செல்களே சொற்பம், அவற்றிலும் பாதி சிதைந்திருக்கும்.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் வருகிறது. ஒரு பெரிய இறகை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெறும் குழாயாக இருக்கிற தண்டு முடிந்து, இரண்டு பக்கமும் இழைகள் தொடங்குகிற இடத்தில், அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதற்குப் பெயரே மேல் தொப்புள். இறகு வளர்கிற காலத்தில் அதற்குள் ரத்தக்குழாய் ஓடும், வளர்ந்து முடிந்ததும் வற்றிவிடும், போகிற போக்கில் ஒரு துளி ரத்தம் அங்கே உறைந்து நின்றுவிடும். தண்டுக்குள் பத்திரமாக இருப்பதால் வெயிலும் மழையும் அதைச் சீக்கிரம் தொடுவதில்லை. 2005-ல் ஹங்கேரி, ஸ்பெயின் ஆய்வாளர்கள் சேர்ந்து, இந்தத் துளியிலிருந்து அடிமுனையைவிட நல்ல டி.என்.ஏ. கிடைக்கிறது, அருங்காட்சியகத்துப் பழைய இறகிலும் கிடைக்கிறது என்று எழுதினார்கள். இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் ரத்தச் சிவப்பணுக்களில் டி.என்.ஏ. இருக்கிற உட்கரு கிடையாது, பறவைகளின் சிவப்பணுக்களில் உண்டு. அதனால் அந்த ஒரு பொட்டு ரத்தத்திலேயே நிறைய டி.என்.ஏ. இருக்கும்.

சரி, எடுத்தாயிற்று, இது எந்தப் பறவை என்று எப்படிச் சொல்வது? மரபணுத் தொடரில் சில இடங்களில் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். வாட்ஸப்பில் சிரிக்கும்போது ஒருத்தர் "ஹாஹா" என்பார், இன்னொருத்தர் "ஹாஹாஹாஹாஹா" என்பாரே, அந்த மாதிரி. எத்தனை "ஹா" என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்ணிக்கை. பத்து இடங்களில் எண்ணிப் பார்த்தால் அந்தப் பறவைக்கு ஆதார் நம்பர் மாதிரி ஒன்று கிடைத்துவிடும். ஆணா பெண்ணா என்பதும் அதே இறகில் தெரியும்.

இதை உண்மையிலேயே பெரிய அளவில் செய்து பார்த்த இடம் கஜகஸ்தானின் வடபகுதியில் இருக்கும் நவுர்சூம் காப்பகம். புல்வெளிக்கு நடுவே பைன் காடு, ஏரிகள், அங்கே கிழக்கத்திய பேரரசக் கழுகு கூடு கட்டுகிறது. அங்கேயே பல வருடம் வேலை பார்த்த எவ்கேனி பிராகின், அமெரிக்காவிலிருந்து டாட் காட்ஸ்னர், பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜேமி ருட்னிக், ஆண்ட்ரூ டிவுடி எல்லோரும் சேர்ந்து கூட்டுக்கு அடியிலும் இரவில் கழுகுகள் தங்கும் மரங்களுக்கு அடியிலும் இறகு பொறுக்கினார்கள். வருடா வருடம் அதே கூட்டுக்கு அடியில் பொறுக்கினால், போன வருடத்து ஜோடியே இருக்கிறதா, ஆள் மாறிவிட்டதா, குஞ்சு அந்த ஜோடியுடையதுதானா என்பதெல்லாம் கழுகைத் தொடாமலே தெரிந்துவிடுகிறது.

தங்குமரங்களில் கிடைத்ததுதான் ஆச்சரியம். அங்கே வருவது பெரும்பாலும் இன்னும் ஜோடி சேராத கழுகுகள். பைனாகுலரை வைத்து எண்ணுகிறவருக்கு இன்று தெரிகிற கழுகும் நேற்றுப் பார்த்த கழுகும் ஒன்றுதான், எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. இறகுகளோ பல நூறு கழுகுகள் வந்துபோகின்றன என்றன, கண்ணால் எண்ணியதைவிட மிக மிக அதிகம். எல்லா இறகும் கிடைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை, ஒரே கழுகின் இறகு எத்தனை தடவை திரும்ப வருகிறது என்பதை வைத்து மொத்தத்தைக் கணிக்கலாம். ஒரு டீக்கடையில் தினமும் வருகிற முகங்களே திரும்பத் திரும்ப வந்தால் அது சின்ன ஊர், நாளுக்கு நாள் புது முகமாக இருந்தால் பெரிய ஊர், அந்தக் கணக்குத்தான்.

அப்புறம் மயிலிறகு விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் நோட்டுக்குள் மயிலிறகை வைத்து, பென்சில் சீவலைத் தீனியாகப் போட்டு, குட்டி போடுமென்று காத்திருந்தவர்கள் எல்லோரும் கை தூக்கலாம். இந்த ஆராய்ச்சியில் இறகு நிஜமாகவே குட்டி போடும்! டி.என்.ஏ. மிகக் குறைவாக இருந்தால், இரண்டு எண்ணிக்கையில் ஒன்று மட்டும் பதிவாகி இன்னொன்று விட்டுப்போய்விடும். 8-ம் 11-ம் இருக்கிற பறவை வெறும் 11 என்று வரும். அப்போது அது வேறு பறவை என்று கணக்கில் ஏறிவிடும், இல்லாத கழுகு ஒன்று காகிதத்தில் பிறந்துவிடும். ஆகவே ஒரே இறகைப் பல தடவை திரும்பச் சோதித்துப் பார்க்கிறார்கள். பறவைக்குத் தொந்தரவே இல்லாத எளிய முறை என்று செய்திகளில் எழுதுகிறவர்கள் இந்தப் பாடுகளை எழுதுவதில்லை. தொந்தரவு பறவைக்குத்தான் இல்லை, லேபில் உட்கார்ந்திருப்பவருக்கு நிறையவே உண்டு.

எண்ணிக்கையை விடப் பெரிய கேள்வி, இருக்கிற பறவைகளுக்குள் எவ்வளவு மரபணு வேறுபாடு மிச்சம் இருக்கிறது என்பது. ஐரோப்பாவின் காப்பர்கெய்லி, வான்கோழி அளவு இருக்கும் காட்டுப்பறவை, ஆண்கள் விடியற்காலையில் ஒரே இடத்தில் கூடி ஆடும். அந்த நேரத்தில் போய் வலை விரித்தால் ஆட்டமே கலைந்துவிடும். செகல்பாகர் முதலான ஆய்வாளர்கள் இறகுகளையும் வைத்து ஐரோப்பா முழுக்க ஒப்பிட்டு 2003-ல் எழுதினார்கள். வடக்கே தொடர்ச்சியான காட்டில் இருப்பவற்றில் வேறுபாடு நிறைய, மத்திய ஐரோப்பாவில் துண்டு துண்டாகிவிட்ட காடுகளில் தனியாக மாட்டிக்கொண்டவற்றில் குறைவு. சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்து செய்து குறுகிப்போன குடும்பம் மாதிரி. தலையை எண்ணினால் இது தெரியாது, ஐம்பது என்றால் ஐம்பதுதான்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கண்ட இறகையும் பொறுக்கப் போகாதீர்கள். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி அங்குள்ள பெரும்பாலான காட்டுப்பறவைகளின் உதிர்ந்த இறகை வைத்திருப்பதே குற்றம், தானாக விழுந்தது என்று சொன்னாலும் எடுபடாது. இங்கேயும் 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, அதில் மயில் தோகைக்குச் சில விலக்குகள் உண்டு.

நேற்று ராத்திரி அந்த நாலு காக்கா இறகையும் எடுத்து மொபைல் டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மூன்றில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய சிறகிறகில் மட்டும், அந்தத் தொப்புள் பள்ளத்துக்குள்ளே, கடுகில் கால்வாசி இருக்கும், கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நொண்டியோடதா, தாத்தாவோடதா?" என்றார். இரண்டும் இல்லாத மூன்றாவது காக்காயுடையதாக இருக்கலாம் என்றேன். "வர்றது ரெண்டுதான்டா, நான் தினம் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.