சித்தப்பாவின் கல் கச்சேரி

சுத்தியலோடு உள்ளே வரலாம் என்று அனுமதிக்கும் பூங்கா ஒன்று பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டியில் இருப்பதைச் சித்தப்பாவிடம் சொன்னது யார் என்று சித்தி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஏறத்தாழ ஏழு ஏக்கருக்கு, பூமிக்கடியில் கற்குழம்பு இறுகி உண்டான டயபேஸ் பாறைகள் குவிந்து கிடக்கும் அந்த வெட்டவெளியில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் முதல் பாறையைத் தட்டினார். ‘டக்’ என்றது. பக்கத்தில் ஒரு சிறுமி தட்டிய பாறையோ வெண்கல மணியைப் போலக் கணீரென்று ஒலித்தது. மூன்றில் ஒரு பங்குப் பாறைகள்தாம் ஒலிக்கும், அவற்றை உயிருள்ளவை என்றும் மற்றவற்றைச் செத்தவை என்றும் சொல்வார்கள் என்று நான் விளக்கியதுதான் தாமதம், அவர் ஒன்று, இரண்டு என எண்ணி ஒவ்வொரு மூன்றாவது பாறையாகத் தட்டத் தொடங்கிவிட்டார்.

பறவையோ பூச்சியோ அந்தப் பக்கமே அண்டாது என்ற கதையைச் சித்தி நம்புகிறார். நிழலும் இரையும் இல்லாத கல்மேட்டில் எந்தப் பறவை குடித்தனம் நடத்தும் என்று நான் கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. என் பிடரியைக் கடித்த கொசுவைக்கூட, வழி தவறி வந்தது என்று சித்தி தள்ளுபடி செய்துவிட்டார்.

1890-இல் டாக்டர் ஜே. ஜே. ஓட் என்பவர் இத்தகைய கற்களைச் சுருதி பார்த்துப் பொறுக்கி, பித்தளை வாத்தியக் குழுவின் துணையோடு கச்சேரியே செய்திருக்கிறார். இதையும் நான்தான் சொல்லித் தொலைத்தேன். உடனே சித்தப்பாவுக்கு ‘ச’ அகப்பட்டது, ‘ரி’ அகப்படவில்லை. ‘ரி’யைத் தேடிப் போகும்போது, வேறு யாரும் கைப்பற்றிவிடாதபடி ‘ச’வின் மேல் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவர், என்னை எழச் சொல்லாமலேயே அதைத் தட்டினார். ‘டக்’.

மேலே ஆள் அழுத்திக்கொண்டிருந்தால் கல் எப்படி அதிரும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இடம் பெயர்ந்தால் இந்தக் கற்கள் ஊமையாகிவிடும் என்பது அங்கே வழங்கும் நம்பிக்கையாம். நான் உட்கார்ந்த வேகத்தில் கல் நகர்ந்துவிட்டதாகச் சித்தி தீர்ப்பு எழுதிவிட்டார். குடும்ப வாட்ஸப் குழுவில் இப்போது என் பெயர் ‘பாறையைக் கொன்றவன்’. தட்டிப் பார்க்கலாம் என்று நான் எழுந்து நின்றபோது, சுத்தியலைக் காருக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.