கல்லைத் தேடப் போய்க் கிடைத்த 7 மில்லிமீட்டர்

வலது விலாவுக்குக் கீழே உயிர் போகிற வலி. சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று, சாயம் ஏற்றாமல் வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கல் இருந்தது, நான்கே நாளில் தானாக வெளியேறிவிட்டது. அறிக்கையின் கடைசி இரண்டு வரிகள்தான் மனதை விட்டு வெளியேறவில்லை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் 18 மி.மீ. கட்டி. நுரையீரலின் அடிப்பகுதியில் 7 மி.மீ. முடிச்சு.

மருத்துவர் அட்ரீனல் கட்டியின் மேல் சுட்டியால் ஒரு வட்டம் போட்டார். திரையில் 4 என்று வந்தது. சி.டி. படத்தில் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. ஒரே சீராக, 10-க்குக் கீழே இருந்தால் கொழுப்பு நிறைந்த சாதுக் கட்டி என்றார். ஹார்மோன்களையும் ஒருமுறை பரிசோதித்தார்கள், கோளாறில்லை. அத்தோடு அந்தக் கவலை தீர்ந்தது.

நுரையீரல் படங்களை உருட்டினார். கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்த்தது. இன்னும் சற்று உருட்டியதும் மறைந்தது. ரத்தக் குழாயாக இருந்தால் அடுத்தடுத்த படங்களில் நீண்டுகொண்டே போயிருக்குமாம்.

"இதற்கும் ஓர் எண் சொல்லுங்களேன்" என்றேன்.

அது முடியாதாம். அடர்த்தியும் விளிம்பும் தெரியும், செல் தெரியாது. ஆறிப்போன பழைய தழும்பும் தொடக்கநிலைப் புற்றும் இந்த அளவில் ஒன்றுபோலவே இருக்கலாம். ஊசியால் சதை எடுக்கலாமே என்றால், இவ்வளவு சிறியதைக் குறிபார்ப்பது கடினம், நுரையீரலிலிருந்து காற்று கசியவும் கூடும். செல்கள் சர்க்கரையை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று காட்டும் பெட் ஸ்கேனையும் 8 மி.மீ.க்குக் குறைந்தவற்றில் நம்ப முடியாது. புகைப்பழக்கம் இல்லாததால், ஆறு மாதம் கழித்து மார்பு முழுவதையும் குறைந்த கதிர்வீச்சில் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

அந்த ஆறு மாதமும் ஒவ்வோர் இருமலுக்கும் அர்த்தம் தேடினேன். கல் வலியே தேவலை.

இரண்டாவது அறிக்கையை வாசலிலேயே பிரித்தேன். 8 மி.மீ. கால்கள் துவண்டுவிட்டன. மருத்துவரோ இரண்டு படங்களையும் அருகருகே வைத்துத் தானே அளந்தார். அளப்பவரைப் பொறுத்து ஒரு மில்லிமீட்டர் முன்பின் வருமாம், 2 மி.மீ. கூடினால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்களாம். 7 என்பது 9 ஆனால் கன அளவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இதில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஸ்கேன் ஓர் ஆண்டு கழித்து. அந்த அறிக்கையை நான் பிரிக்கக்கூடாது என்று வீட்டில் இப்போதே சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.