வால் முளைத்த விளக்குகள்: கெரட்டோகோனஸோடு என் அனுபவம்

டிவியை அணைத்த பிறகும் அதன் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியுமே, கடுகளவு விளக்கு, அதில்தான் எனக்கு முதலில் பிடிபட்டது. அறை இருட்டாக இருந்தது. படுத்தபடி வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். மேலே ஒரு புள்ளி பளிச்சென்று இருந்தது. அதிலிருந்து கீழே சாய்வாக ஆறு புள்ளிகள், ஒட்டியும் ஒட்டாமலும், போகப் போக மங்கிக்கொண்டே இறங்கின. மொத்தம் ஏழு. இடது கண்ணால் பார்த்தால் ஒன்றுதான், ஆனால் அதற்கும் குட்டியாக ஒரு வால். அப்போது எனக்கு 24 வயது.

அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் மூன்று முறை கண்ணாடி மாற்றியிருந்தேன். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் பவர், அதாவது கண்ணின் வளைவு ஒரு திசையில் மட்டும் கூடியிருப்பதைச் சரிசெய்யும் பவர், ஏறியது. புதுக் கண்ணாடியோடு வெளியே வந்த அன்றே தெருவிளக்குகள் பழையபடி கரைந்து வழியும். ‘ராத்திரியில் கண் கூசுகிறது’ என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்தான் என்னைத் தாமதப்படுத்தியது என்று இப்போது நினைக்கிறேன். கூச்சம் யாருக்குத்தான் இல்லை? போதாததற்கு, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் கண்ணை இடுக்கிக்கொண்டு எப்படியாவது படித்துவிடுவேன்.

அக்காதான் ஒரு நாள் பொறுமையிழந்து, “நீ சொல்றது எனக்கே புரியல, டாக்டருக்கு எப்படிப் புரியும்? என்ன தெரியுதோ அதை அப்படியே வரைஞ்சு எடுத்துட்டுப் போ” என்றாள். ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் வலது கண், மறுபக்கம் இடது கண் என்று எழுதி, அந்தச் சிவப்பு விளக்கை வரைந்தேன். அந்தத் தாளைப் பார்த்த டாக்டர், வேறு எதுவும் கேட்பதற்கு முன், “கண்ணைக் கசக்குவீர்களா?” என்று கேட்டார். ஒவ்வாமை அரிப்பு சின்ன வயதிலிருந்தே உண்டு. முஷ்டியை வைத்துத் தேய்ப்பேன்.

அப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன. நடுவில் ஊசித் துளை போட்ட ஒரு தட்டை வலது கண்ணுக்கு முன்னால் வைத்து, தூரத்து விளக்கைப் பார்க்கச் சொன்னார். வால் சுருங்கிப் போய், ஏறக்குறைய ஒரே புள்ளி நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. விழித்திரையில் கோளாறு இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, ஒளி உள்ளே வரும் வழியில்தான் சிக்கல் என்று அந்தத் துளையே காட்டிவிட்டது. அடுத்து, வட்ட வட்டமாக ஒளிவளையங்கள் உள்ள கருவியில் தாடையை வைத்தேன். கார்னியா என்ற கண்ணின் முன்படலத்தின் வளைவை வரைபடமாக எடுக்கும் டோபோகிராஃபி அது. திரையில் வலது கண்ணின் கீழ்ப்பாதியில் ஒரு சிவப்புத் திட்டு. வளைவு சாதாரணமாக டயாப்டர் என்ற அலகில் 43, 44 அளவில் இருக்குமாம். என் சிவப்புத் திட்டில் 54. தடிமன் வழக்கமாக 540 மைக்ரான் வாக்கில் இருக்க வேண்டியது, எனக்கு மிக மெலிந்த இடத்தில் 438. கெரட்டோகோனஸ் என்ற பெயரை அன்றுதான் கேட்டேன்.

கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலமான கார்னியா மெலிந்து, கூம்பு போல முன்னால் தள்ளிக்கொண்டு வருவதுதான் இந்த நோய். பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். மேடும் சரிவுமான கார்னியாவின் ஒவ்வொரு பகுதியும் ஒளியை ஒவ்வோர் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால்தான் ஒரே விளக்கு ஏழாகிறது. இருட்டில் கண் பாப்பா விரிந்து கோணலான பரப்பு இன்னும் அதிகமாக வேலைக்கு வருவதால் இரவில் வால் நீள்கிறது. கண்ணாடி சீரான வளைவைத்தான் சரிசெய்யும், இந்தக் கோணலை அதனால் சரிசெய்ய முடியாது. கண்ணாடியைத் தூக்கிப்போட லேசிக் செய்துகொள்ளலாமா என்று யோசித்திருந்தேன். ஏற்கெனவே மெலிந்த கார்னியாவை இன்னும் மெலியவைக்கும் சிகிச்சை அது. இந்த நோய் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

நான்கு மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். வலது கண் 56 ஆகியிருந்தது. கூம்பு மேலும் வளராமல் தடுக்கும் கிராஸ் லிங்கிங் சிகிச்சை செய்ய முடிவானது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான முறை, 2003-இல் அதன் முதல் முடிவுகள் வெளியாயின. அதற்கு முன்பு கூம்பு வளர்வதைத் தடுக்க எந்தச் சிகிச்சையும் இல்லை, லென்ஸ் போட்டுச் சமாளிக்கலாம், முடியாத கட்டத்தில் கார்னியா மாற்று. அந்தக் காலத்தில் இதே வயதில் இருந்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

சிகிச்சை மேசையில் படுத்ததும் மரத்துப்போகும் சொட்டு விட்டு, கார்னியாவின் மேல்தோலை எடுத்தார்கள். வலி இல்லை, ஏதோ துடைப்பது போல இருந்தது. அரை மணி நேரம் மஞ்சள் நிற ரைபோஃபிளேவின் சொட்டுகள், அதாவது வைட்டமின் பி2. அப்புறம் அரை மணி நேரம் புற ஊதா ஒளி. இரண்டும் சேர்ந்து கார்னியாவின் நார்களுக்கு இடையே புதுப் பிணைப்புகளை உண்டாக்கி அதை விறைப்பாக்கும். அந்த விளக்கையே பார்க்கச் சொன்னார்கள். நீலப் பூ ஒன்று தண்ணீருக்குள் விரிந்து விரிந்து அசைவது போலத் தெரிந்தது.

வலி வீட்டுக்கு வந்த பிறகுதான். முதல் இரண்டு இரவுகள் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல இருந்தது, நீர் நிற்காமல் வழிந்தது. சிகிச்சை முடிந்ததும் கண்ணில் போட்டிருந்த பாதுகாப்பு லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். அடுத்த ஒன்றரை மாதம் பார்வை முன்னைவிட மோசம், எல்லாம் புகைமூட்டம். இப்படி ஆகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் தாங்கினேன். செய்துகொள்ளப் போகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். இது நோயை நிறுத்துவதற்கான சிகிச்சை, பார்வையைத் திருப்பித் தரும் சிகிச்சை இல்லை.

பார்வையைக் கொடுத்தது ஸ்க்ளீரல் லென்ஸ். கார்னியாவைத் தொடாமல் வெள்ளை விழியின் மேல் உட்காரும் பெரிய, விறைப்பான லென்ஸ். உள்ளே நிரப்பும் உப்புநீர் மேடு பள்ளத்தை நிரவிவிடும். போடப் பழகத்தான் பாடுபட்டேன். லென்ஸை ரப்பர் உறிஞ்சியின் மேல் வைத்து, விளிம்பு வரை நீர் நிரப்பி, முகத்தைத் தரைக்கு நேராகக் கவிழ்த்து, நீர் கண்ணைத் தொடும்வரை மெதுவாகக் கொண்டுவர வேண்டும். கடைசி நொடியில் இமை மூடிக்கொள்ளும், நீர் கொட்டிவிடும், அல்லது உள்ளே காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். முதல் நாள் நாற்பது நிமிடம் ஆனது. கழற்றும்போது உறிஞ்சியை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வைக்க வேண்டும். சரி, போட்டாயிற்று. நிமிர்ந்து பார்த்தால் கூரை விளக்கு ஒரே விளக்காக இருந்தது.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். லென்ஸோடும் இரவில் விளக்கின் கீழே மெல்லிய நிழல் ஒன்று மிச்சம் இருக்கிறது. கார்னியாவின் பின்பக்கமும் கோணியிருப்பதால் அது முழுதாகப் போகாதாம். மதியத்துக்கு மேல் லென்ஸுக்குள் நீர் மங்கினால் கழற்றிக் கழுவிப் போடுவேன். இரவில் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். அது யாரோ போட்ட தடை இல்லை, எதிரே வருபவரின் உயிரும் என் கையில் இருக்கிறதே. திரையில் கறுப்புப் பின்னணி எனக்கு ஆகாது, வெள்ளை எழுத்துகளுக்கெல்லாம் வால் முளைக்கும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் வசதி. இருட்டில் திரை பார்ப்பதில்லை, பக்கத்தில் ஒரு விளக்கு எரிய வேண்டும். கண்ணுக்குக் கை போவதை நிறுத்த ஒரு வருடம் ஆனது. தூக்கத்தில்கூடத் தேய்ப்பேன், அக்கா தட்டி எழுப்புவாள். இப்போது அரித்தால் ஒவ்வாமைச் சொட்டும் குளிர்ந்த துணியும்தான்.

மாதம் ஒரு முறை லென்ஸைக் கழற்றிவிட்டு, அதே அறையில், அதே தூரத்தில் படுத்து அந்தச் சிவப்பு விளக்கை வரைகிறேன். பரிசோதனைக்குப் போகும்போது தாள்களையும் எடுத்துப்போகிறேன். சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் வரைந்ததிலும் ஏழு புள்ளிகள்தான், எட்டாவது வரவில்லை.