தம்பியின் மணிக்கூடு

2025 ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடிய எழும்பி எண்ணெய் வைத்து முழுகி, அம்மாவோடு கோயிலுக்குப் போய் வந்து எழுதுகிறேன். தம்பி வேலை செய்யும் பயணிகள் கப்பல் இன்று பின்னேரம் பார்சிலோனாவை விட்டு வெளிக்கிடுகிறது. கோடை முழுவதும் மத்தியதரைக் கடலில் சுற்றிய கப்பல், குளிர்காலத்துக்கு மயாமி போகிறது. நடுவில் மலாகா, மடெய்ராத் தீவின் ஃபுன்சால், பிறகு ஒரு கிழமைக்கு வெறும் அட்லாண்டிக். நவம்பர் 2 விடிய மயாமி.

மட்டக்களப்பில் எங்கள் கல்லடி வீட்டு விறாந்தையில் இரண்டு மணிக்கூடுகள் தொங்குகின்றன. ஒன்று வீட்டுக்கு. மற்றதன் கீழே பிளாஸ்டர் துண்டொன்றில் ‘தம்பி’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். போனிலேயே பார்க்கலாமே என்று வருகிறவர்கள் கேட்பார்கள். போனில் பார்சிலோனா நேரம் இருக்கிறது, மயாமி நேரம் இருக்கிறது. நடுக்கடலுக்கு ஊர்ப்பெயர் கிடையாதே! அங்கே கப்டன் சொல்வதுதான் மணி. அதனால் அந்த மணிக்கூட்டை நான் கையால்தான் திருப்ப வேண்டும்.

இன்றைக்கு வித்தியாசம் மூன்றரை மணித்தியாலம். மயாமி போய்ச் சேரும்போது பத்தரையாகிவிடும். அதற்குள் ஏழு இரவுகளில் ஒவ்வொரு மணித்தியாலமாகக் கப்பல் பின்னுக்குப் போகும். நடுவில் 31ஆம் திகதி அப்பாவின் இரண்டாம் ஆண்டுத் திவசம். போன வருடம் நெட் கிடைக்காமல் தம்பியால் பார்க்க முடியவில்லை. இந்த முறை எப்படியாவது காட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் குறிப்பைத் தொடங்கினேன்.

ஒக்டோபர் 22, புதன்

கப்பல் மலாகாவில். நேரம் மாறவில்லை. அம்மாவுக்கு இன்று கந்தசஷ்டி விரதம் தொடக்கம்.

தம்பி இப்படி நேரத்தில் கண்ணாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் ஜூலையில் அவன் வேறொரு கப்பலில், மயாமியிலிருந்து கரீபியன் போய்வரும் ஓட்டத்தில் இருந்தான். மெக்சிக்கோவின் கொசுமெல் தீவில் ஒருநாள் இறங்கியிருக்கிறான். கோடையில் மயாமியில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் திருப்பி வைப்பார்கள். கொசுமெலில் வருடம் முழுவதும் ஒரே நேரம்தான். கப்பலோ மயாமி நேரத்திலேயே நிற்கும். தீவில் கால் வைத்ததும் இவனுடைய போன் அங்குள்ள கோபுரத்தைப் பிடித்துத் தானாகவே ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போய்விட்டது. நான்கு மணிக்குப் பணியாளர்கள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். போனில் மூன்று என்று கிடந்ததால் இவன் ஆறுதலாக இருந்து சாப்பிட்டிருக்கிறான். கூட வேலை செய்யும் பொடியன் ஒருவன் கண்டு கத்தியிருக்காவிட்டால் கப்பல் இவனை விட்டுவிட்டுப் போயிருக்கும். பாஸ்போர்ட்டும் கப்பலில்தான். அந்த நீளமான இறங்குதுறையில் ஓடிய ஓட்டத்தைச் சொல்லும்போது இப்போதும் அவனுக்கு மூச்சு வாங்கும்.

அன்றைக்கே போனில் தானாக நேரம் மாறுவதை நிறுத்திவிட்டான்.

ஒக்டோபர் 25, சனி

நேற்றிரவு முதலாவது மாற்றம். மடெய்ரா ஸ்பெயினுக்கு ஒரு மணித்தியாலம் பின்னால். ‘தம்பி’ மணிக்கூட்டைத் திருப்பினேன். வித்தியாசம் நான்கரை. ஃபுன்சாலில் மலைச்சரிவு நிறைய வீடுகள் என்று படம் அனுப்பியிருக்கிறான். இன்று பின்னேரத்தோடு கரை முடிந்தது.

ஒக்டோபர் 26, ஞாயிறு

இன்றைக்கு நான் விட்ட பிழையை எழுதவே மனமில்லை.

கப்பல் நேரம் பின்னேரம் மூன்று மணிக்கு அவனுக்கு ஓய்வு. அப்போது அம்மாவோடு கதைப்பதாகச் சொல்லியிருந்தான். ஐரோப்பாவில் இன்று விடியக்காலை குளிர்கால நேரம் தொடங்கியது. அதற்கு ஒரு மணித்தியாலம் கழித்தேன். கப்பலும் நேற்றிரவு ஒரு மணித்தியாலம் திருப்பியது என்று இன்னொன்றைக் கழித்தேன். வித்தியாசம் ஆறரை, ஆகவே எங்களுக்கு இரவு ஒன்பதரை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, இரண்டு பேரும் கோயில் பூசைக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் எட்டரை, எட்டு முப்பத்தைந்து, எட்டு நாற்பது என்று மூன்று அழைப்புகள். பிறகு ஒரு செய்தி: “வேலைக்குப் போறன் அக்கா. அம்மா சாப்பிட்டாவா?”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விரதக்காரி, பாலும் பழமும் மட்டும் எடுத்துவிட்டுப் படுத்துவிட்டா. ஏதாவது ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 27, திங்கள்

விடிய அவனுடைய குரல்செய்தி வந்தது. “அக்கா, நீங்க ரெண்டு தரம் கழிச்சிட்டீங்க. ஐரோப்பா எத்தினை மணிக்கு மாறினாலும் எங்களுக்கு என்ன? நாங்க அங்க இல்லையே. கப்பல் திருப்பினா மட்டும் திருப்புங்க.”

சரி. வித்தியாசம் ஐந்தரை. ‘தம்பி’ மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினேன். நேற்றிரவு மாற்றமில்லை, இன்றிரவு உண்டு.

எப்படி மாற்றுகிறார்கள் என்று கேட்டேன். மாலையில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். இவன் ஒவ்வொரு கேபினாகப் போய்க் கட்டில் விரிக்கும்போது தலையணைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வைப்பான்: இன்றிரவு இரண்டு மணிக்கு மணிக்கூட்டை ஒன்றாக்குங்கள். பணியாளர் சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் உள்ள மணிக்கூடு தானாகத் திரும்பும். மேற்கே போகும்போது எல்லோருக்கும் சந்தோஷம், ஒரு மணித்தியாலம் கூட நித்திரை. கிழக்கே வரும்போது அதே மணித்தியாலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். விடிய ஆறு மணிக்கு எழும்பி இரவு பத்து, பதினொன்று வரை வேலை செய்கிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை. அதனாலேயே சில கப்பல்களில் கிழக்கே வரும்போது நடுப்பகலில் முன்னுக்குத் தள்ளுகிறார்களாம், நித்திரையில் கை வைக்காமல். அந்த ஏற்பாட்டைச் செய்தவருக்கு நல்ல மனசு.

தம்பியின் கேபினில் யன்னல் இல்லை. வெயிலைப் பார்த்து நேரம் பிடிக்கிற வழியே அங்கு கிடையாது.

பின்னேரம் சூரன்போர். மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. ஆனாலும் சனம் குறையவில்லை.

ஒக்டோபர் 28, செவ்வாய்

வித்தியாசம் ஆறரை. ஞாயிற்றுக்கிழமை நான் பிழையாகப் போட்ட கணக்கு இன்றைக்குத்தான் சரி.

இரண்டு நேரங்களோடு வாழ்வது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. 1996இல் மழையில்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி, கரண்ட் தட்டுப்பாடு வந்தபோது, மே 25ஆம் திகதி நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளச் சொன்னார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் பின்னுக்கு. நான் கணக்கைப் பிழைவிட்டதும் ஒரு ஒக்டோபர் 26ஆம் திகதிதான், இருபத்தொன்பது வருடம் கழித்து. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் திரும்பி வந்தது.

ஆனால் இயக்கத்தின், அதாவது விடுதலைப் புலிகளின், கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் மணிக்கூட்டைத் தொடவில்லை. அப்பா அப்போது கொக்கட்டிச்சோலைப் பக்கம் படிப்பித்தார். எங்கள் எழுவான்கரையில் புதிய நேரம், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் பழைய நேரம். காலை ஏழு மணிக்கு மண்முனைத் துறையில் சைக்கிளோடு ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறுவார். அக்கரையில் இறங்கும்போது அங்கே ஆறேகால். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் அப்பா தினமும் நேரத்தைப் பின்னுக்குக் கடந்து போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவுக்கு அது பெருமையாக இருக்கவில்லை. முதல் கிழமையே ஒருநாள், பள்ளிக்கூடம் முடிந்து பிள்ளைகளுக்கு மேலதிகமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நேரமிருக்கிறது என்று நினைத்து வந்திருக்கிறார். துறை மூடியாகிவிட்டது. மூடுவது இந்தக் கரையின் புதிய நேரத்துக்கு. அப்பாவின் கையில் பழைய நேரம். அன்றிரவு அக்கரையில் ஒரு மாணவனின் வீட்டில் படுத்தார். அம்மா விடியும்வரை படலையிலேயே நின்றா. அந்த நாட்களில் ஒருவர் இரவு வீடு வராவிட்டால் என்னவெல்லாம் நினைக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு அப்பா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கையில் கட்டியதைத் திருப்பவே மாட்டார், அது பள்ளிக்கூடத்து நேரம். துறை மூடும் நேரத்தை மட்டும் பழைய நேரமாக மாற்றிச் சட்டைப்பையில் ஒரு துண்டில் எழுதி வைத்திருப்பார். “எந்தக் கதவு மூடுதோ, அந்தக் கதவுட மணியைக் கேள்” என்பார். வீட்டில் யாராவது மணி சொன்னால் அம்மா உடனே கேட்பா: “பழசா, புதுசா?” பத்து வருடம் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இருந்தது. இப்போது மண்முனையில் பாலம் இருக்கிறது, 2014இல் திறந்தது. இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாம்.

திருப்பாமலே இருந்த அந்தக் கைமணிக்கூடு 2006இல் தானாகச் சரியானது. அது இப்போது தம்பியின் கையில், அட்லாண்டிக்கில், மட்டக்களப்பு நேரத்தைக் காட்டிக்கொண்டு.

ஒக்டோபர் 30, வியாழன்

நேற்று ஏழரை, இன்று எட்டரை.

பதினைந்து பாகைக்கு ஒரு மணித்தியாலம், ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று அப்பா ஒரு தோடம்பழத்தில் கோடு போட்டுப் படிப்பித்தது நினைவிருக்கிறது. மட்டக்களப்பு ஏறத்தாழ 81.7 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. எங்கள் ஐந்தரை மணித்தியாலக் கணக்கு 82.5 பாகைக்கு உரியது. வெயிலின் நேரத்துக்கும் எங்கள் மணிக்கூட்டுக்கும் சராசரியாக மூன்று நிமிடமளவுதான் இடைவெளி. பழைய நேரம்தான் சரியான நேரம் என்று அப்பா பிடிவாதமாகச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

நாளைக் கணக்கு. ஐயர் பத்தரைக்குத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார். எட்டரையைக் கழித்தால் தம்பிக்கு இரவு இரண்டு மணி. பகல் முழுக்க வேலை செய்தவனை இரண்டு மணிக்கு எழுப்பி வைப்பதா என்று அம்மா தயங்கினா. நான் கொப்பியை இன்னொரு தரம் பார்த்தேன். கப்பலில் இன்றிரவும் மாற்றம் உண்டு. கப்பலின் இரண்டு மணி சரியாக எங்கள் பத்தரை. அந்த நேரத்தில்தான் இரண்டு ஒன்றாகும். பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை எங்களுக்கு ஓடுகிற மணித்தியாலம், அவனுக்குக் கூடுதலாகக் கிடைக்கிற மணித்தியாலம்!

பிழை விட்டவள் என்பதால் மூன்று தரம் கணக்குப் போட்டேன். பிறகு தம்பிக்கு அனுப்பினேன். “சரி அக்கா” என்று மட்டும் பதில்.

ஒக்டோபர் 31, வெள்ளி

சித்தப்பா கிரியைக்கு இருந்தார். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் செம்பில் சாய்த்துப் போனை வைத்தேன். பத்து இருபதுக்கே தம்பி வந்துவிட்டான், பணியாளர் சாப்பாட்டுக்கூடத்தின் மூலையிலிருந்து. முகம் கழுவி, வேட்டி இல்லாததால் வெள்ளைச் சட்டை மட்டும் போட்டு, திருநீறு பூசியிருந்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் சிவப்பு எழுத்து மணிக்கூடு, 01:50.

ஐயர் தர்ப்பையைச் சரிசெய்துகொண்டிருந்தார். “அக்கா, பாருங்க” என்று தம்பி போனைத் திருப்பிப் பிடித்தான். 01:59. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு 01:00. அம்மா முன்னுக்குக் குனிந்து பார்த்தா. தம்பி இடது கையை உயர்த்தினான். அப்பாவின் மணிக்கூடு, கண்ணாடியில் கீறல், பட்டி மட்டும் புதிது. அதில் பத்தரை. விறாந்தை மணிக்கூட்டிலும் பத்தரை.

“தொடங்குவமா?” என்றார் ஐயர்.

ஒரு இடத்திலும் படம் நிற்கவில்லை. தம்பி முழுக்க இருந்தான். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது சித்தப்பாவோடு சேர்ந்து அவனும் கையை நீட்டிக்கொண்டிருந்தான். படையலில் அப்பாவுக்குப் பிடித்த சட்டித் தயிரை வைத்ததும், “தயிரைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க அக்கா” என்றான். காட்டினேன். மேலே ஆடை மஞ்சளாகப் படிந்து, கரண்டி போட்ட இடம் வெட்டினாற்போல் நின்றது. அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பதினொன்று இருபத்தைந்துக்கு அம்மா, “போய்ப் படு மகன். இன்னும் ரெண்டு மணியாகல்ல” என்றா. கப்பல் நேரத்தை அம்மா தானாகச் சொன்னது இதுதான் முதல் தரம்.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்றிரவு கடைசித் திருப்பம். அமெரிக்காவிலும் இன்று விடியக்காலைதான் கோடைநேரம் முடிந்தது. இரண்டும் ஒன்று, ஒரு தரம்தான் கழித்தேன். வித்தியாசம் பத்தரை. எங்களுக்குப் பின்னேரம் நான்கரைக்குத் தம்பியின் செய்தி வந்தது, மயாமியில் கப்பலைக் கட்டுகிறார்களாம், அங்கே காலை ஆறு.

இனிக் கரீபியன் ஓட்டம். குளிர்காலத்தில் கொசுமெலும் மயாமியும் ஒரே நேரம். 2026 மார்ச் 8ஆம் திகதி அமெரிக்காவில் மறுபடி முன்னுக்குத் தள்ளுவார்கள், அன்றிலிருந்து கொசுமெல் ஒரு மணித்தியாலம் பின்னால் போய்விடும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்தத் திகதியை எழுதி, அதே பக்கத்தைப் படம் பிடித்துத் தம்பிக்கும் அனுப்பினேன்.